விட்கென்ஸ்டைன் என்ற கிராமத்து வாத்தியார்

என்னிடம் வந்த கேள்வி இது: "தத்துவவாதி விட்கென்ஸ்டைன் பெரும் பணக்கார வீட்டுப் பிள்ளை, நல்ல இசை ஞானம் உள்ளவர், முதல் உலகப் போரில் சண்டை போட்டவர் என்கிறார்கள். அப்படிப்பட்டவர் ஏன் ஒரு குக்கிராமத்துப் பள்ளியில் பாடம் எடுக்கப் போனார்? அங்கே குழந்தைகளை அடித்தார் என்பது உண்மையா?"

போனதும் உண்மை, அடித்ததும் உண்மை. 1920 இலையுதிர்காலம் முதல் 1926 ஏப்ரல் வரை லுட்விக் விட்கென்ஸ்டைன் கீழ் ஆஸ்திரியாவின் மலையடிவார ஊர்களில் ஆசிரியராக இருந்தார். டிராட்டன்பாக், புக்பெர்க், ஓட்டர்தால் என்று மூன்று ஊர்கள். நடுவில் ஹாஸ்பாக் என்ற ஊரில் சில வாரங்கள் மட்டும். தத்துவ அறிமுக நூல்கள் பலவும் இந்தக் காலத்தை ஒரே வரியில் தாண்டிவிடும். முதல் புத்தகம் எழுதினார், கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்தார், பிறகு கேம்பிரிட்ஜ் திரும்பினார் என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் பிற்காலத்தில் மொழியைப் பற்றி எழுதியதெல்லாம் அந்த வகுப்பறைகளில் முளைவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அதே வகுப்பறைகளில் அவர் சில குழந்தைகளைக் காயப்படுத்தியும் இருக்கிறார். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இசையிலிருந்து தொடங்குகிறேன். அவர் வீட்டில் எல்லாமே அங்கிருந்துதான் தொடங்கியது. 1889-ல் வியன்னாவில் பிறந்தார், எட்டுப் பிள்ளைகளில் கடைசி. அப்பா கார்ல், ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் எஃகுத் தொழிலில் உச்சத்தில் இருந்தவர். அம்மா லியோபோல்டீன் தேர்ந்த பியானோக் கலைஞர். இசையமைப்பாளர்கள் பிராம்ஸும் மாலரும் வந்து போன வீடு அது. கண்பார்வையற்ற இசையமைப்பாளரும் ஆர்கன் கலைஞருமான ஜோசப் லாபர் அந்தக் குடும்பத்துக்கு நெருக்கமானவர். அண்ணன் பால் மேடைக் கச்சேரி செய்த பியானோக் கலைஞர். 1914-ல் ரஷ்யப் போர்முனையில் வலது கையை இழந்த பிறகும் இடது கையால் மட்டும் வாசித்துக் கச்சேரி வாழ்க்கையைத் தொடர்ந்தவர். பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் இடது கைக்கான பியானோ கான்செர்ட்டோவை எழுதிக் கொடுத்தது இவருக்காகத்தான். மற்ற மூன்று அண்ணன்களும் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்த வீட்டின் இசையைப் பேசுகிறவர்கள் அங்கே இருந்த இருட்டையும் மறந்துவிடக் கூடாது.

இப்படிப்பட்ட வீட்டில் லுட்விக் சின்ன வயதில் எந்த வாத்தியமும் முறையாகக் கற்கவில்லை. ஆனால் அபாரமாகச் சீட்டியடிப்பார். கேம்பிரிட்ஜில் படித்தபோது நண்பர் டேவிட் பின்சென்ட் பியானோ வாசிக்க, இவர் ஷூபர்ட்டின் பாடல்களைச் சீட்டியிலேயே பாடுவார். வேடிக்கைக்காகச் செய்ததில்லை. ஒரு ஸ்வரம் பிசகினால்கூட நிறுத்தி மறுபடி ஆரம்பிக்கும் வகை. கிளாரினெட் அப்புறம்தான் வந்தது. அது வந்ததே ஆசிரியர் பயிற்சியால்தான். பயிற்சியில் ஏதாவது ஒரு வாத்தியம் வாசிக்கக் கற்க வேண்டியிருந்தது, முப்பது வயதில் கிளாரினெட்டைக் கையில் எடுத்தார்.

போர் விஷயம். 1914 ஆகஸ்டில் போர் தொடங்கியதும் தானாகப் போய்ச் சேர்ந்தார். குடலிறக்கம் இருந்ததால் கட்டாயப் படைச் சேவையிலிருந்து அவருக்கு விலக்கு இருந்தது, வீட்டிலேயே இருந்திருக்கலாம். முதலில் விஸ்டுலா நதியில் ஒரு காவல் படகில் வேலை. டார்னோவ் ஊரில் ஒரு கடையில் டால்ஸ்டாய் சுருக்கி எழுதிய நற்செய்தி நூலை வாங்கினார். அதைப் போகிற இடமெல்லாம் கொண்டு போனதால் படைவீரர்கள் அவரை நற்செய்திக்காரர் என்றே கூப்பிட்டார்களாம். 1916-ல் அவரே கேட்டுப் போர்முனைக்குப் போனார். பீரங்கிப் படையில், எதிரியின் குண்டு நேராக வந்து விழக்கூடிய கண்காணிப்பு நிலையத்தில் இரவுப் பணியை விரும்பி ஏற்றார். அந்தக் கோடையில் ரஷ்யர்கள் தொடுத்த புருசிலோவ் தாக்குதலின் நடுவில் இருந்தார், வீரத்துக்காகப் பதக்கம் பெற்றார். சாவுக்குப் பக்கத்தில் நின்றால்தான் தான் ஒழுங்கான மனிதனாக ஆக முடியும் என்று அவர் நம்பியது நாட்குறிப்புகளில் தெரிகிறது. நாட்டுப்பற்றைவிட இந்த நம்பிக்கைதான் அவரை முன்னே தள்ளியது என்பது என் கணிப்பு. பள்ளிக்கூடத்துக்குப் போனதற்கும் இதே காரணம்தான் என்று பின்னால் சொல்கிறேன்.

1918 மே மாதம் பின்சென்ட் ஒரு விமான விபத்தில் இறந்தார். அந்தக் கோடை விடுப்பில் விட்கென்ஸ்டைன் தன் முதல் தத்துவ நூலான 'டிராக்டாட்டஸை' முடித்து அதைப் பின்சென்ட்டின் நினைவுக்குச் சமர்ப்பித்தார். நவம்பரில் இத்தாலியர்களிடம் பிடிபட்டபோது அதன் கையெழுத்துப் படி அவருடைய முதுகுப் பையில் இருந்தது. மாண்டே கசினோ அருகிலிருந்த போர்க்கைதி முகாமில் லுட்விக் ஹேன்செல் என்ற பள்ளி ஆசிரியரின் நட்பு கிடைத்தது. ஆசிரியராக வேண்டும் என்ற முடிவு அந்த முகாமில்தான் உறுதியானது. பாதிரியாராகத்தான் விரும்பினேன், ஆனால் ஆசிரியராக இருந்தாலும் குழந்தைகளோடு நற்செய்தியைப் படிக்கலாமே என்று அங்கே இன்னொரு கைதியிடம் சொல்லியிருக்கிறார்.

1919 ஆகஸ்டில் விடுதலையாகி வீடு வந்ததும் முதல் வேலையாகத் தன் பங்குச் சொத்து முழுவதையும் உடன்பிறந்தவர்கள் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டார். திரும்பப் பெற எந்த வழியும் இருக்கக் கூடாது என்று அவர் பிடிவாதம் பிடித்ததில் குடும்பத்து வழக்கறிஞர் திகைத்துப் போனார். பிறகு வியன்னாவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பதின்ம வயதுப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். அப்போதும் பழைய ராணுவச் சீருடையைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா ஹெர்மீனுக்கு இது பொறுக்கவில்லை. நுட்பமான கருவி ஒன்றை எடுத்து மரப்பெட்டி உடைப்பது மாதிரி இருக்கிறது என்றார். அதற்குத் தம்பி சொன்ன பதிலின் சாரம் இது: மூடிய ஜன்னலுக்குள்ளிருந்து வெளியே பார்க்கிறவருக்கு, தெருவில் போகிறவன் ஏன் இப்படித் தள்ளாடுகிறான் என்று புரியாது. வெளியே எப்படிப்பட்ட புயல் அடிக்கிறது, அவன் கீழே விழாமல் நிற்கவே எவ்வளவு பாடுபடுகிறான் என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது.

ஏன் போனார் என்ற கேள்விக்கு அவரே சொன்ன விடை இதுதான். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் தற்கொலை எண்ணம் அவரை விடாமல் துரத்தியதைக் கடிதங்களில் காணலாம். உயிரோடு இருப்பதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. சரி, அதற்கு ஏன் கிராமம்? ஏழை உழவர்களிடம்தான் உண்மையான வாழ்க்கை இருக்கிறது என்ற டால்ஸ்டாயின் எண்ணம் அவர் மனதில் ஆழமாக இருந்தது. முதலில் அவருக்குக் கிடைக்கவிருந்த ஊரில் பூங்காவும் நீரூற்றும் இருப்பதைப் பார்த்துவிட்டு, இது எனக்கு வேண்டாம், முழுக்க நாட்டுப்புறமாக இருக்க வேண்டும் என்று மறுத்தார். அப்புறம் கிடைத்ததுதான் டிராட்டன்பாக்.

இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெக்ஸல் மலைப்பகுதியில் இருக்கும் ஊர், உழவும் ஒரு கம்பளி ஆலையும்தான் பிழைப்பு. போருக்குப் பிறகு பஞ்சம் வேறு. புது ஆசிரியர் ஒரு சின்ன அறையில் தங்கினார், ஏழை வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டார். பணக்காரர் என்பது தெரிந்துபோனதால் ஊரார் அவரைக் கொஞ்சம் சந்தேகத்தோடேயே பார்த்தார்கள். உள்ளூர் பாதிரியார் நாய்ரூரர் ஒருவர்தான் பேச்சுத் துணை. இருவரும் தஸ்தாயெவ்ஸ்கியைச் சத்தமாகப் படித்துக்கொள்வார்கள்.

வகுப்பறையில் என்ன செய்தார் என்று பார்த்தால் இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. அந்தக் காலத்தில் ஆஸ்திரியாவில் ஓட்டோ கிளோக்கல் தலைமையில் பள்ளிச் சீர்திருத்தம் நடந்துகொண்டிருந்தது. மனப்பாடம் வேண்டாம், பிள்ளைகள் தாங்களே செய்து கற்கட்டும் என்பது அதன் அடிப்படை. விட்கென்ஸ்டைனுக்கு அந்த இயக்கத்தின் கோஷங்கள் பிடிக்காது, ஆனால் அவர் பாடம் நடத்திய முறை அதற்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது. செத்த பூனையின் எலும்புகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒன்றுசேர்த்து எலும்புக்கூடு செய்தார். நீராவி இயந்திர மாதிரிகள் செய்ய வைத்தார். சொந்தக் காசில் நுண்ணோக்கி வாங்கினார். வியன்னாவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது வழியெல்லாம் கல்லையும் செடியையும் காட்டிப் பெயர் கேட்பார். நகரத்துக்குள் போனதும் கட்டடங்களைக் காட்டி இது எந்தப் பாணி என்பார். திரும்பும்போது குளோக்னிட்ஸ் வரை ரயில், பிறகு இருட்டில் காட்டு வழியாக மணிக்கணக்கில் நடை. பயப்படும் பிள்ளைகளிடம் போய், பயமாக இருக்கிறதா, அப்படியானால் கடவுளை மட்டும் நினைத்துக்கொள் என்பாராம். அவர் நடத்திய ஒரு வகுப்பை நேரில் பார்த்த ஹெர்மீன், விடையைச் சொல்லாமல் கேள்வி கேட்டுக் கேட்டே பிள்ளைகளை விடைக்கு நடத்திப் போனார் என்று எழுதியிருக்கிறார். பையன்கள் முந்தியடித்துக்கொண்டு பதில் சொல்வார்களாம்.

ஊர் மக்கள் அவரை மந்திரவாதி மாதிரி பார்த்த ஒரு நாளும் உண்டு. கம்பளி ஆலையின் நீராவி இயந்திரம் நின்றுவிட்டது, வந்த பொறியாளர்களால் ஓட்ட முடியவில்லை. விட்கென்ஸ்டைன் பார்க்கலாமா என்று கேட்டார். அவர் மான்செஸ்டரில் பொறியியல் படித்தவர் என்பது அவர்களுக்குத் தெரியாது. சுற்றி வந்து பார்த்துவிட்டு, நான்கு ஆட்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு சுத்தியல் கொடுத்து, தான் சொல்லும் வரிசையில் ஒவ்வொருவராகத் தட்டச் சொன்னார். இயந்திரம் ஓடியது. கூலியாக வாங்கிக்கொண்டது கம்பளித் துணி மட்டும், அதையும் வகுப்பிலிருந்த ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்.

இவ்வளவு இருந்தும் ஊரோடு ஒட்டவில்லை. ஒரு வருடத்துக்குள்ளேயே, கேம்பிரிட்ஜில் தன் ஆசானாக இருந்த தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸலுக்கு எழுதிய கடிதங்களில் இந்த ஊர் மக்கள் மிகக் கேவலமானவர்கள் என்று கொட்டித் தீர்க்கிறார். டால்ஸ்டாயின் உழவர்களைத் தேடிப் போனவருக்கு நிஜமான உழவர்களைத் தாங்க முடியவில்லை. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. பால் கறக்கவும் வயலுக்குப் போகவும் பிள்ளை வேண்டியிருக்கும்போது, பள்ளி முடிந்த பிறகும் மாலைவரை வாத்தியார் பிடித்து வைத்துக் கணக்கு போட வைத்தால் எந்தத் தகப்பனுக்கும் கோபம் வரும். கெட்டிக்காரப் பையன்களை நகரத்துக்கு அனுப்பி மேலே படிக்க வைக்கவும் பார்த்தார், அதையும் பெற்றோர்கள் விரும்பவில்லை.

1922-ல் புக்பெர்க் வந்தார். இந்த ஆறு ஆண்டுகளில் அவர் ஓரளவாவது சந்தோஷமாக இருந்த இடம் என்றால் இதைத்தான் சொல்வேன். காரணம் இசை. ருடால்ஃப் கோடர் என்ற இளம் ஆசிரியர் பள்ளியில் பீத்தோவனின் நிலவொளி சொனாட்டாவை வாசித்துக்கொண்டிருந்தபோது விட்கென்ஸ்டைன் உள்ளே வந்தார். அன்று தொடங்கிய நட்பு கடைசிவரை நீடித்தது. தினமும் மாலையில் கோடர் பியானோவிலும் இவர் கிளாரினெட்டிலும் சேர்ந்து வாசிப்பார்கள். பிராம்ஸின் கிளாரினெட் சொனாட்டாக்கள், மோசார்ட்டும் பிராம்ஸும் ஐந்து வாத்தியங்களுக்கு எழுதிய கிளாரினெட் குவின்டெட்டுகள், இவைதான் திரும்பத் திரும்ப. கிளாரினெட்டுக்கு உறை கிடையாது, ஒரு பழைய காலுறைக்குள் போட்டு எடுத்துப் போவார். அரண்மனை மாதிரி வீட்டில் பிராம்ஸையே விருந்தாளியாகக் கண்ட குடும்பத்தின் கடைசிப் பிள்ளை, கிராமத்துப் பள்ளியில் தன்னைப் போன்ற ஒரு வாத்தியாரோடு உட்கார்ந்து பிராம்ஸ் வாசிக்கிறார். அந்த மாலைகளில்தான் அவருக்கு மூச்சு விட முடிந்தது என்று நான் நம்புகிறேன்.

புக்பெர்க்குக்குத்தான் 1923 செப்டம்பரில் கேம்பிரிட்ஜிலிருந்து ஃபிராங்க் ராம்ஸி என்ற இளம் கணிதவியலாளர் வந்தார். வயது இருபது, 'டிராக்டாட்டஸ்' நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்ததில் பெரும்பங்கு அவருடையது. பள்ளி முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து நாளுக்குச் சில மணி நேரம் வரி வரியாகப் படித்தார்கள். வெள்ளையடித்த மிகச் சிறிய அறை, ஒரு கட்டில், ஒரு சின்ன மேசை, கடினமான ஒரே நாற்காலி, இரவு உணவுக்கு முரட்டு ரொட்டியும் வெண்ணெயும் கோக்கோவும் என்று ராம்ஸி வீட்டுக்கு எழுதியிருக்கிறார். கேம்பிரிட்ஜ் திரும்ப வாருங்கள் என்ற அழைப்புகளுக்கு அப்போதைக்கு விட்கென்ஸ்டைன் மசியவில்லை.

1924-ல் ஓட்டர்தால். இங்கே அவர் செய்த நல்ல காரியம் ஓர் அகராதி. பிள்ளைகள் எழுத்துப் பிழையைத் தாங்களே திருத்திக்கொள்ள வேண்டும் என்று விரும்பினார். கடையில் கிடைத்த அகராதிகள் ஒன்று விலை அதிகம், இல்லையென்றால் பிள்ளைகளுக்குப் பயன்படாதவை. அதனால் வகுப்பிலேயே பிள்ளைகளைக் கொண்டு சொல்பட்டியல் எழுத வைத்து, அந்த அனுபவத்திலிருந்து ஆரம்பப் பள்ளிகளுக்கென்று ஓர் அகராதி தொகுத்தார். முன்னுரையில் எந்தச் சொல்லும் சேர்க்க முடியாத அளவுக்குச் சாதாரணமானதல்ல என்கிறார். மிக எளிய சொற்களையே பிள்ளைகள் தப்பாக எழுதியதைத் தாம் கண்ணால் பார்த்ததாகவும் சொல்கிறார். அகரவரிசையைக்கூட, தேடுகிற பிள்ளைக்குக் குழப்பம் வரும் இடத்தில் தளர்த்தினார். உள்ளூர்ப் பேச்சு வழக்கையும் கணக்கில் எடுத்துக்கொண்டார். 1926-ல் வியன்னாவில் அச்சானது. அவர் உயிரோடு இருந்தபோது நூலாக வெளிவந்தவை இரண்டே இரண்டு: ஒன்று 'டிராக்டாட்டஸ்', மற்றது இந்தப் பள்ளி அகராதி. தத்துவம் படிக்கிறவர்கள் பலர் இரண்டாவதைப் பொருட்படுத்துவதில்லை. எனக்கென்னவோ அவர் மாறிக்கொண்டிருந்ததற்கு அதுதான் சரியான சாட்சி. முதல் நூலில் மொழியின் சாரம் இதுதான் என்று மேலிருந்து விதி வகுத்தவர், ஒரு கிராமத்துப் பிள்ளை எந்தச் சொல்லை எப்போது பயன்படுத்துகிறது என்று கீழே உட்கார்ந்து பார்க்கத் தொடங்கியிருக்கிறார்.

இனி அடி. காலை முதல் இரண்டு மணி நேரம் கணக்குப் பாடம் என்பது அவர் வழக்கம். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் வரை போவார். புரிகிறவர்களுக்குக் கொண்டாட்டம், புரியாதவர்களுக்கு நரகம். காதோடு அறைவார், தலைமயிரைப் பிடித்து இழுப்பார், பிரம்பும் உண்டு. வாத்தியார் அடிப்பது அந்தக் கிராமங்களில் புதிதில்லை. குறும்பு செய்யும் பையனை அடித்திருந்தால் ஊர் கண்டுகொண்டிருக்காது. இவர் கணக்கு வரவில்லை என்பதற்காக, அதிலும் பெண்பிள்ளைகளையும் அடித்தார். ஊர் கொதித்தது இதற்குத்தான். "அந்தக் காலம் அப்படி" என்று சிலர் இன்றும் சமாதானம் சொல்கிறார்கள். அந்தக் காலத்து மனிதர்களுக்கே அது அதிகம் என்று பட்டிருக்கிறது, ஆகவே அந்தச் சமாதானம் நிற்காது.

1926 ஏப்ரலில் நோஞ்சானான, பாடம் மெதுவாக ஏறும் பதினோரு வயதுப் பையன் ஒருவனைத் தலையில் சில முறை அடித்தார். பையன் மயங்கி விழுந்தான். விட்கென்ஸ்டைன் வகுப்பைக் கலைத்துவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு தலைமை ஆசிரியர் அறைக்குப் போனார், மருத்துவருக்கு ஆள் அனுப்பினார். முன்பு தன் மகளும் இவரிடம் அடிவாங்கியிருந்த ஒரு தகப்பன் வழியில் அவரை மறித்து, நீ ஆசிரியன் இல்லை, மிருகங்களைப் பழக்குகிறவன் என்று கத்தினார். சில நாட்களில் விட்கென்ஸ்டைன் ராஜினாமா செய்தார். பள்ளி ஆய்வாளர் தடுத்தும் கேட்கவில்லை. மே மாதம் குளோக்னிட்ஸில் விசாரணை நடந்தது, மனநலப் பரிசோதனைக்கும் உத்தரவானது. தண்டனை எதுவும் இல்லை. ஆனால் எந்த அளவுக்கு அடிப்பார் என்பதை அவர் விசாரணையில் மறைத்தார், அந்தப் பொய் அவரைப் பல ஆண்டுகள் அரித்தது.

என் பார்வையில் அந்த அர்ப்பணிப்புக்கும் அந்த வன்முறைக்கும் வேர் ஒன்றுதான். போர்முனையில் கண்காணிப்பு நிலையத்தைக் கேட்டு வாங்கியதும், கிராமத்துப் பள்ளியைத் தேடிப் போனதும் தன்னைத் திருத்திக்கொள்ளத்தான். பிள்ளைகள் மேலே ஏறினால் தனக்கு மீட்சி. ஒரு பிள்ளை ஏறவில்லை என்றால் அது இவருடைய தோல்வி, அந்தக் கோபம் பிள்ளையின் கன்னத்தில் இறங்கியது. தன் ஆன்மாவின் கணக்கைத் தீர்க்கும் இடமாக வகுப்பறையைப் பார்த்ததுதான் அவர் செய்த பெரிய தவறு.

பத்து ஆண்டுகள் கழித்து, நண்பர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்துத் தன் குற்றங்களை ஒப்புக்கொண்ட காலத்தில், ஒரு சிறுமியை அடித்துவிட்டு அடிக்கவே இல்லை என்று பள்ளியில் பொய் சொன்னதையும் சொன்னார். அதே சமயத்தில் ஓட்டர்தால் ஊருக்குத் திரும்பிப் போய், வளர்ந்துவிட்ட பழைய மாணவர்களின் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டார். சிலர் பெருந்தன்மையோடு ஏற்றார்கள், எல்லோரும் அல்ல.

1929 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் திரும்பிய பிறகு எழுதியவற்றில் அந்தப் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது. அவர் 1951-ல் இறந்து, 1953-ல் வெளியான 'தத்துவ ஆய்வுகள்' ஒரு குழந்தை பேசக் கற்பதைப் பற்றித் தொடங்குகிறது. சொல்லின் பொருள் என்ன என்று நேராகக் கேட்காமல், அந்தச் சொல்லை நமக்கு எப்படிக் கற்றுக் கொடுத்தார்கள் என்று கேட்பது அவருடைய தனி வழியாகவே ஆகிவிட்டது. விளக்கத்துக்கு முன் பழக்குதல் வருகிறது என்று அவர் எழுதும்போது, ஓட்டர்தாலில் அந்தத் தகப்பன் கத்தியது எனக்கு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

நேரம் இருந்தால் அந்த நூலின் 143-ஆம் பத்தியையும் 185-ஆம் பத்தியையும் முதலில் படியுங்கள். இரண்டாகக் கூட்டிக்கொண்டே போ என்று சொன்னால் மாணவன் ஆயிரம் வரை சரியாக எழுதுகிறான். அதற்குப் பிறகு 1004, 1008 என்று எழுதுகிறான். தப்பு என்கிறோம், அவனுக்கோ தான் முன்பு செய்ததையேதான் தொடர்ந்து செய்வதாகத் தோன்றுகிறது. அவனுடைய தவறு எங்கே தொடங்குகிறது, அவனுக்கு எதைக் காட்டினால் விளங்கும் என்று விட்கென்ஸ்டைன் அங்கே பொறுமையாக, பக்கம் பக்கமாக யோசிக்கிறார்.